லண்டன் போகிற அப்பா அம்மாவுக்கு மருத்துவச் செலவு: எந்த வழி கட்டுப்படியாகும்?

எங்கள் வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டிலாவது பிள்ளை இங்கிலாந்தில் இருக்கும். நர்ஸிங் முடித்துப் போனவர்கள், வி.ஐ.டி.யில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போனவர்கள், ஐ.டி. கம்பெனி அனுப்பி வைத்தவர்கள். பின்னாலேயே அப்பா அம்மா கிளம்புவார்கள், பெரும்பாலும் பிரசவத்துக்கு. விசா, டிக்கெட், பெட்டி எடை, எந்த ஊறுகாயைக் கொண்டுபோகலாம் என்பதெல்லாம் மாதக்கணக்கில் பேசப்படும். "அங்கே உடம்புக்கு வந்தால் செலவு யாருடையது?" என்ற கேள்வி மட்டும் டிக்கெட் போட்ட பிறகு கடைசி வாரத்தில் வரும்.

அண்மையில் என்னிடம் இதைக் கேட்டது காந்தி நகரில் இருக்கும் ஓர் அண்ணனும் அண்ணியும். அண்ணனுக்கு 66 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், சுகர் மாத்திரையும் போடுகிறார். அண்ணிக்கு 59, முட்டிவலியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. மகள் லெஸ்டரில் நர்ஸ், இப்போது ஏழாவது மாதம். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று திட்டம்.

அண்ணன் ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டார்: "புள்ள அங்க வரி கட்டறா இல்ல, அப்புறம் எங்கள பார்க்க மாட்டாங்களா?"

பார்ப்பார்கள். பில்லும் கொடுப்பார்கள்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. அது இலவசம் என்று நாம் கேள்விப்பட்டது சரிதான். ஆனால் யாருக்கு இலவசம் என்பதைத் தீர்மானிப்பது வரியும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. அந்த நாட்டில் சட்டப்படி நிலையாகக் குடியிருக்கிறாரா என்பதுதான் கணக்கு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு ரிட்டயராகி வேலூரில் வந்து தங்கிவிட்ட ஒருவர், பேரப்பிள்ளையைப் பார்க்க அங்கே போய் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவருக்கும் பில் வரலாம். மகள் வரி கட்டுவதால் அப்பாவுக்கு ஒரு உரிமையும் வருவதில்லை. சில நாடுகளோடு பிரிட்டன் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியா கிடையாது.

வெளியிலிருந்து வருபவர்களிடம் அவர்கள் இரண்டு விதமாகப் பணம் வாங்குகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா கேட்பவர்களிடம் விசாவோடு சேர்த்தே ஒரு கூடுதல் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதமோ அதற்குக் குறைவோ சுற்றிப்பார்க்க வருபவர்களிடம் முன்கூட்டி ஒன்றும் வாங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்தால் பில். மகள், மருமகன், மாணவர்கள் எல்லாம் முதல் வகை (நர்ஸ் விசாவில் போனவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டணம் விலக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன்). நம் அண்ணனும் அண்ணியும் இரண்டாவது வகை. ஒரே வீட்டில் ஒரே சமையலைச் சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக் கணக்கில் வேறு வேறு ஆட்கள்.

பில் எந்த இடத்தில் தொடங்குகிறது

நம் ஊரில் பலரும் குழம்புவது இங்கேதான். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்; ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி விதிகள் உண்டு.

ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணனுக்கு நெஞ்சை அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகள் 999 என்ற அவசர எண்ணுக்கு அடிக்கிறாள். எமர்ஜென்சி பிரிவில் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், டாக்டர் பார்க்கிறார். அந்தப் பிரிவுக்குள் நடப்பது வரைக்கும் யாருக்கும் கட்டணம் இல்லை, சுற்றுலாப் பயணியாக இருந்தாலும் சரி. வாயுத் தொல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் ஒரு பென்னி கூட வாங்கமாட்டார்கள். "இல்லை, இவரை அட்மிட் பண்ணணும்" என்று டாக்டர் முடிவெடுத்து வார்டுக்கு மாற்றிய பிறகு கணக்கு ஓடத் தொடங்கும். கட்டிடம் அதேதான், ஸ்ட்ரெச்சரும் அதேதான். பிறகு ஒரு படிவம் வரும்: எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள், என்ன விசா, எங்கே குடியிருக்கிறீர்கள். வெளிநாட்டு நோயாளிகளின் கணக்கைப் பார்ப்பதற்கென்றே பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ஓர் அலுவலர் இருக்கிறார். எமர்ஜென்சியிலிருந்து வேறு நாளுக்கு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கச் சொல்லி அனுப்பினால் அந்த வெளிநோயாளி வருகைக்கும் கட்டணம் உண்டு.

கட்டணம் எவ்வளவு? என்.எச்.எஸ். தன் உள்கணக்கில் அந்தச் சிகிச்சைக்கு வைத்திருக்கும் விலையில் 150 சதவீதம். உள்கணக்கில் 4,000 பவுண்டு என்று இருக்கும் சிகிச்சைக்கு நம் கைக்கு வரும் பில் 6,000 பவுண்டு. பவுண்டை 110 ரூபாய் என்று வைத்தாலும் ஆறரை லட்சத்தைத் தாண்டும்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது; ஊருக்குத் திரும்பும்வரை தள்ளிப்போட முடியாத சிகிச்சையையும் நிறுத்தக்கூடாது. பிரசவத்தையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். முதலில் சிகிச்சை, அப்புறம் பில். ஆனால் அவசரமில்லாத சிகிச்சை என்றால், 2017 அக்டோபரிலிருந்து, முழுத்தொகையையும் முன்னாலேயே கட்டவேண்டும். அண்ணி "போன இடத்தில் இந்த முட்டியையும் காட்டிவிடலாம்" என்று ஒரு நாள் சொன்னார். வேண்டாம் அண்ணி. அங்கே உள்ளவர்களே முட்டி ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள்.

இலவசமானவையும் சில உண்டு. ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வருகையாளர்களும் தற்காலிகமாகப் பதிந்துகொள்ளக் கேட்கலாம், கிளினிக்கில் இடம் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். 111 என்ற எண்ணுக்கு அடித்து ஆலோசனை கேட்கலாம். காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்றுநோய்களுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் எல்லோருக்கும் இலவசம். ஒருவருக்குக் காசநோய் மருந்தை மறுத்தால் அது அவரோடு நிற்காது என்பதால் அங்கே அரசாங்கம் கணக்குப் பார்ப்பதில்லை.

முதல் வழி: ஒன்றும் எடுக்காமல் போவது

விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு காட்டவேண்டும். பிரிட்டன் வருகையாளர் விசாவுக்கு அப்படி எதுவும் கேட்பதில்லை. அதனாலேயே நிறையப் பேர் எடுக்காமல் போகிறார்கள், நல்லபடியாகத் திரும்பியும் வருகிறார்கள். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் எடுக்காமல் போகிறார்.

ஐம்பது வயதுக்குள், ஒரு வியாதியும் இல்லாமல், இரண்டு வாரம் சுற்றிப்பார்க்கப் போகிறவர் இப்படித் துணிந்தால் நான் சண்டை போடமாட்டேன். ஆனாலும் ஐஸில் வழுக்கிக் கால் முறிய வயது பார்ப்பதில்லை. அறுபது தாண்டியவர் ஆறு மாதத்துக்குப் போகும்போது இந்த வழியை ஒரு வழியாகவே நான் எண்ணமாட்டேன்.

"பில் வந்தால் கட்டாமல் ஊருக்கு வந்துவிட்டால்?" இதையும் சிலர் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்தி. 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்து இரண்டு மாதம் தாண்டினால், அந்த விவரத்தை ஆஸ்பத்திரி உள்துறைக்கு அனுப்பலாம். அடுத்த விசா விண்ணப்பத்தை அதை வைத்தே மறுக்க முடியும். பேரன் பிறந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் அவனுடைய முதல் பிறந்தநாளுக்குப் போக முடியாது. தவணையில் கட்டுகிறேன் என்று பேசினால் ஆஸ்பத்திரிகள் ஒத்துக்கொள்வதுண்டு. ஓடி ஒளிவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது வழி: இங்கேயே டிராவல் இன்சூரன்ஸ்

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வழி. ஆனால் எடுக்கிற விதத்தில்தான் தப்பு நடக்கிறது.

கம்ப்யூட்டரில் நாலு கம்பெனியின் பிரீமியத்தை வரிசையாகப் போட்டுக் காட்டுவார்கள். 50,000 டாலர், ஒரு லட்சம் டாலர், இரண்டரை லட்சம் டாலர் என்று தொகைகள் கண்ணைப் பறிக்கும். எது குறைவோ அதை எடுத்துவிடுவோம். பாலிசியில் பார்க்கவேண்டியது வேறு இடம்: "ஏற்கெனவே உள்ள நோய்" என்ற கட்டம். நிறைய பாலிசிகளில் அந்த நோய்க்கு ஒன்றுமே கிடையாது. சிலவற்றில், உயிர் போகும் நிலை வந்தால் மட்டும், அதுவும் மொத்தத் தொகையில் சின்னப் பங்கு வரைக்கும் என்று இருக்கும். ஸ்டென்ட் வைத்த அண்ணனுக்கு இரண்டரை லட்சம் டாலர் பாலிசி எடுத்துவிட்டு, நெஞ்சுவலி வந்த அன்று அதில் மிகச் சிறிய பகுதிதான் கிடைக்கும் என்றால், அட்டையில் அச்சடித்திருக்கும் இரண்டரை லட்சத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அப்புறம் வயது. அறுபது தாண்டினால் சில கம்பெனிகள் இதயத்துக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு, ஒரு நாள் ரூம் வாடகைக்கு இவ்வளவு என்று உள்வரம்பு வைக்கின்றன. பிரீமியம் குறைவாக இருக்கும் பாலிசியில் பெரும்பாலும் இந்த உள்வரம்பு ஒளிந்திருக்கும். முதல் 100 டாலரோ எவ்வளவோ நாமே கட்டவேண்டும் என்ற விதியும் உண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படிவம் நிரப்பும் நேரத்தில் நடப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. குடியாத்தத்தில் எங்கள் உறவுக்காரர் ஒருவருக்கு முகவர்தான் படிவத்தை நிரப்பினார். "பி.பி. மாத்திரை எல்லாம் எல்லோரும் போடறதுதானே, எழுதினா பிரீமியம் ஏறும்" என்று சொல்லி, நோய் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் போட்டுவிட்டார். உறவுக்காரரும் கையெழுத்துப் போட்டார். பர்மிங்ஹாமில் மயக்கம் போட்டு விழுந்து மூன்று நாள் வார்டில் இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாவது வரியில் டாக்டர் எழுதியிருந்தார்: பத்து வருடமாக ரத்தக்கொதிப்பு உள்ளவர். அதை அவர் வேறெங்கும் தேடிப் பிடிக்கவில்லை. வார்டில் நர்ஸ் கேட்டபோது இவரே சொன்னதுதான். க்ளெய்ம் தள்ளுபடியானது. கம்பெனி பெயரைச் சொல்லிப் பயனில்லை, படிவத்தில் இருந்த பொய்க்குக் கீழே இருந்தது இவர் கையெழுத்து. மகன் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பி.பி., சுகர், தைராய்டு, பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதினால் பிரீமியம் ஏறும், சில கம்பெனி மாட்டேன் என்றும் சொல்லும். சொல்லட்டும். மாட்டேன் என்பதை வேலூரில் இருக்கும்போது தெரிந்துகொள்வது நல்லதா, லெஸ்டரில் வார்டில் படுத்துக்கொண்டு தெரிந்துகொள்வது நல்லதா?

இன்னொன்று, பேசவே கூசும் விஷயம். அங்கே உயிர் போனால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு பெரிய தொகை, காகித வேலையும் நிறைய. பெரும்பாலான டிராவல் பாலிசிகளில் இது சேர்ந்தே வருகிறது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் யாரும் இந்த வரியைச் சத்தமாகப் படிப்பதில்லை. நான் அண்ணியிடம் தனியாகக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இது இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வழி: பிள்ளை அங்கேயே எடுத்துக் கொடுப்பது

பிரிட்டனுக்கு வரும் விருந்தாளிகளுக்கென்று அங்கேயும் பாலிசிகள் விற்கிறார்கள். பில் பவுண்டில், காப்பீடு பவுண்டில், பேசுவதும் அங்கேயே என்பது வசதி. ஆனால் இங்கிருந்து கிளம்பிய பிறகு எடுத்தால் முதல் சில நாட்களுக்கு நோய்க்குப் பணம் கிடையாது என்ற விதி பல பாலிசிகளில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய் விஷயத்தில் இவர்களும் தாராளம் இல்லை. டிக்கெட் எடுத்த அவசரத்தில் மறந்துபோய் விமானம் ஏறிவிட்டவர்களுக்கு இது கைகொடுக்கும். மற்றபடி, இங்கே பழைய நோயை ஏற்கும் பாலிசி கிடைக்காமல் அங்கே கிடைத்தால் எடுக்கலாம்.

நான்காவது வழி: வேலூரில் முடிக்கவேண்டியதை வேலூரில் முடிப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பணம் மிச்சம் பிடிப்பது இதுதான்.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்காக ரயிலேறி வரும் ஊர் இது. பாபு ராவ் தெருவில் லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்து இருக்கிறது, மெஸ்ஸில் மீன் குழம்பு கடுகெண்ணெயில் வருகிறது. உலகம் தேடி வரும் இடத்தில் குடியிருந்துகொண்டு, கண்புரையையும் குடலிறக்கத்தையும் பல்வலியையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு லண்டன் விமானம் ஏறுபவர்களை என்ன சொல்வது? கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் முழுச் செக்கப் செய்துகொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் தன் இதய டாக்டரிடம் "இவ்வளவு தூரம் பறக்கலாமா, குளிரில் ஆறு மாதம் இருக்கலாமா" என்று நேரடியாகக் கேட்டு எழுதி வாங்கவேண்டும். பல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள், அங்கே பல் வைத்தியம் குடியிருப்பவர்களுக்கே கட்டணம்தான், அதற்கும் டாக்டர் கிடைப்பது கஷ்டம்.

மருந்தைப் பட்டையோடு, மருந்துச்சீட்டோடு, கைப்பையில் எடுத்துப் போகவேண்டும். பெட்டியில் போட்டால் பெட்டி வேறு ஊருக்குப் போகும்போது மருந்தும் போய்விடும். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும்; நம் ஊர்ப் பிராண்டுப் பெயர் அங்கே மருந்துக்கடையில் புரியாது.

இன்சூரன்ஸுக்குப் பதிலாக இது போதுமா என்றால் போதாது. ஆனால் எந்த இன்சூரன்ஸும் தராத ஒன்றை இது தருகிறது: தெரிந்த நோயால் வரக்கூடிய பில்லையே குறைக்கிறது. டிராவல் பாலிசி திடீரென்று வரும் நோய்க்குத்தான். நாட்பட்ட நோயைக் கட்டுக்குள் வைக்கும் செலவை அது ஏற்காது.

மகளை இங்கே வரச்சொன்னால்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அண்ணியின் அம்மா இன்னமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் மகள் நர்ஸ் விசாவில் போனவள். அந்த விசாவுக்குக் கூடுதல் கட்டணம் விலக்கு, என்.எச்.எஸ். முழுமையாக உண்டு, பிரசவம் இலவசம், பிறகு வீட்டுக்கே வந்து பார்க்கும் மருத்துவச்சி வரைக்கும். அதை விட்டுவிட்டு, 28 வாரம் தாண்டினால் டாக்டர் கடிதம் கேட்கும் விமானத்தில், பிரசவ விடுப்பை நறுக்கிக்கொண்டு வரவேண்டிய தேவை இல்லை. இதில் நான் பாட்டி பக்கம் இல்லை.

பெண்ணே வருகையாளர் விசாவில் கர்ப்பமாகப் போயிருந்தால் கதை வேறு. பிரசவத்தை மறுக்கமாட்டார்கள், ஆனால் 150 சதவீதக் கணக்கில் பில் வரும். அந்த நிலையில் கட்டாயம் தாய்வீடுதான்.

குடியேறப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளின் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் கல்விக்கடன் வாங்கும்போது இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூடுதல் கட்டணம் 2015 ஏப்ரலில் வந்தபோது ஒருவருக்கு வருடத்துக்கு 200 பவுண்டு. 2019ல் 400, 2020ல் 624, 2024 பிப்ரவரியிலிருந்து 1,035. மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 776. விசாக் காலம் முழுவதற்கும் ஒரே தடவையில் கட்டவேண்டும்.

ஒரு வருட எம்.எஸ். படிக்கப் போகும் மாணவனுக்கு, படிப்பு முடிந்து நாலு மாதம் சேர்த்து விசா தருவதால், ஒரு வருடக் கட்டணமும் அரை வருடக் கட்டணமும் சேர்ந்து 1,164 பவுண்டு ஆகிறது. ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். கல்விக்கட்டணத்துக்கும் விசாக் கட்டணத்துக்கும் வெளியே. வேலை விசாவில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மூன்று வருடத்துக்குப் போனால் 10,866 பவுண்டு. 110 ரூபாய்க் கணக்கில் 12 லட்சத்தை நெருங்குகிறது. நர்ஸ், டாக்டர் போன்றவர்கள் மருத்துவப் பணியாளர் விசாவில் குடும்பத்தோடு போனால் இதே வரிசையில் பூஜ்யம். ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் எஞ்சினியருக்குச் சம்பளம் கூட என்று நினைக்கும்போது இந்தப் பன்னிரண்டு லட்சத்தையும் கழித்துப் பாருங்கள்.

ஐந்து வருடத்துக்குச் சேர்த்து விசா வாங்குவதா, குறைவாக வாங்கிப் புதுப்பிப்பதா என்பது இதில் உண்மையான தேர்வு. நீளமாக வாங்கினால் இடையில் கட்டணம் ஏறினாலும் பாதிப்பில்லை. இதுவரை ஏறித்தான் வந்திருக்கிறது. ஆனால் பாதியில் வேலை போய் ஊர் திரும்பினால் மிச்ச வருடத்துக்குப் பணம் திரும்பாது. விசா மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்கும், விசா கிடைத்த பிறகு மனம் மாறினால் கிடைக்காது. வேலை உறுதியாகத் தெரியாதவர் குறைவாக வாங்கட்டும். எப்படியும் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்தக் கட்டணத்தைக் கம்பெனி ஏற்குமா, குடும்பத்துக்கும் சேர்த்து ஏற்குமா என்று கேட்டுவிடவேண்டும். கேட்டால் ஏற்கும் கம்பெனிகள் இருக்கின்றன.

கட்டணம் கட்டியவர் தனியாக இன்சூரன்ஸ் எடுக்கத் தேவையில்லை. அங்கே பிறந்த குழந்தைக்கு மட்டும் ஒரு விஷயம்: அம்மாவோ அப்பாவோ கட்டணம் கட்டியிருந்தால் முதல் மூன்று மாதம் குழந்தைக்கும் இலவசம். அதற்குள் குழந்தையின் விசா வேலையைத் தொடங்கிவிடவேண்டும். இங்கிலாந்தில் பிறந்ததாலேயே பிரிட்டிஷ் குடியுரிமை வந்துவிடாது.

வரியும் கட்டி, தேசிய காப்பீட்டுச் சந்தாவும் கட்டி, மேலே இந்தக் கட்டணமும் கட்டவேண்டுமா என்று அங்குள்ள நம் பிள்ளைகள் கேட்பதில் எனக்கு முழு உடன்பாடு. வருகையாளரிடம் பில் வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது, அவர் அந்த அமைப்புக்கு எதுவும் கொடுக்கவில்லை. உழைத்து வரி கட்டுகிறவரிடம் இரண்டாம் தடவை வாங்குவது வேறு. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் ஒரு பீகார் தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எந்த மாநிலம் என்று கேட்டுப் பில் போடுவதில்லை. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருக்கும் வெளிமாநிலத்தவரும் சான்று காட்டிச் சேரலாம். வசதி குறைந்த நாம் இதைச் செய்யும்போது அவர்களுக்கு ஏன் முடியாது என்று கேட்கத் தோன்றுகிறது. சரி, அது நம் கையில் இல்லை.

பிள்ளைகள் வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவின் சூப்பர் விசாவுக்கு அப்பா அம்மாவுக்கு ஒரு வருடத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலர் காப்பீடு காட்டினால்தான் விசாவே; அங்கே முதல் வழி என்பதே கிடையாது. சிங்கப்பூரில் அரசு ஆஸ்பத்திரி என்றாலும் வருகையாளருக்கு மானியம் இல்லை, முழு விலைதான். அமெரிக்கா பற்றிச் சொல்லவே வேண்டாம், இன்சூரன்ஸ் இல்லாமல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

அண்ணனும் அண்ணியும்

இருவருக்கும் சேர்த்து ஒரே பாலிசி எடுக்கத்தான் முதலில் நினைத்தார்கள். நான் தனித்தனியாக எடுக்கச் சொன்னேன். அண்ணிக்குச் சாதாரண பாலிசி போதும், ஒரு லட்சம் டாலர். அண்ணனுக்கு மொத்தத் தொகை எவ்வளவு என்பதைப் பார்க்காமல், பழைய இதய நோய்க்கு அவசரத்தில் எவ்வளவு தருவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு, அதில் அதிகம் தருகிற கம்பெனி. பிரீமியம் அண்ணியுடையதைவிட மிக அதிகம், அதைப் பார்த்து அண்ணன் முகம் சுளித்தார்.

கூடவே அவருடைய தங்கலை ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைக்கச் சொன்னேன். பிரசவம் பார்க்கத் தேவை அண்ணிதான். அண்ணன் குழந்தை பிறக்கும் சமயத்தில் போய், குளிர் ஏறுவதற்கு முன்னால் திரும்பலாம். பிரீமியமும் குறையும், இதய டாக்டரிடம் அடுத்த செக்கப்பும் தவறாது. இதற்கு அண்ணி உடனே தலையாட்டினார். அண்ணன் இன்னும் முடிவு சொல்லவில்லை. பாலிசியை நீட்டிக்கவேண்டுமானால் பழையது முடிவதற்கு முன்னாலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்கவேண்டும் என்பதையும், வார்டில் சேர்த்த உடனே கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடிக்கவேண்டும், டிஸ்சார்ஜ் வரை காத்திருக்கக்கூடாது என்பதையும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அவள் நர்ஸ், அவளுக்குப் புரியும்.